பெருநாடியின் தரையில் கண்ட அழுக்கு

2022 மார்ச் 16, புதன்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். அன்றைய மின்வெட்டு நேரத்தைத் தொலைபேசியில் பார்த்து, நாட்குறிப்பின் மேல் மூலையில் எழுதினேன்: பிற்பகல் இரண்டு முதல் ஏழு வரை. எரிவாயு தீர்ந்து எட்டு நாள் ஆகியிருந்ததால் விறகு மூட்டித் தேநீர் வைத்தேன். முதல் நாள் பாணில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. ஆறு ஐம்பதுக்கு வீட்டை விட்டு இறங்கினேன். பேருந்து வரும் என்ற நம்பிக்கை அந்த மாதத்தில் எவருக்கும் இருக்கவில்லை. உட்துறைமுகப் பக்க வீதியால் நடந்தே போனேன். டீசல் வரிசையின் கடைசி லொறியின் நிழலில் ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு படுத்திருந்தன. ஏழு இருபத்தைந்துக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்தேன். மெழுகு அடுப்பு அறுபது பாகை, சரி. குளிர்சாதனப்பெட்டி நான்கு பாகை, சரி. வெட்டுகளை மிதக்கவிடும் தண்ணீர்த் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எட்டு ஐந்துக்கு நுணுக்குக்காட்டியின் முன்னால் இருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலையில் வேறொரு துண்டை வெட்டி முடித்த பிறகு, மாலை வரை ஒரு முளையத்தைத் தலையிலிருந்து வால் நோக்கிச் சீவியிருந்தேன். சின்னவிரல் நகத்தளவான இளங்கரு, மெழுகுக் கட்டிக்குள் புதைத்தது. கண்ணாடித் தகடு ஒன்றில் ஆறு வெட்டுகள். நாற்பது தகடுகளில் இருநூற்று நாற்பது வெட்டுகள். சாயமேற்றி, மூடி, இரவு காயவிட்ட அவற்றை ஒழுங்காகப் பார்த்துச் சரிபிழை குறிப்பதே புதன்கிழமையின் முதல் வேலை.

முப்பத்தாறாம் தகடு வரை குறையில்லை. முப்பத்தேழில், இதயத்திலிருந்து முதுகுப்பக்கமாகக் குருதி ஓடும் பெருநாடியின் உள்ளே, வயிற்றுப்பக்கத் தரையில், கருநீலமான உருண்டைக் கலங்கள், அதாவது உயிரணுக்கள், மூன்று நான்கு ஒன்றையொன்று பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. நண்டின் வயிற்றில் முட்டை ஒட்டியிருப்பது போல. மற்ற இடமெல்லாம் துப்புரவாக இருக்க, அந்த இடத்தில் மட்டும் இது. எனக்கு எரிச்சல் வந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று அடுத்தடுத்தவற்றிலும் இருந்தது. நான்கு தகடுகளையும் எடுத்து, மூடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கழுவும் அமிலச் சாடிக்குள் போட்டேன். அந்த மாதங்களில் புதுக் கண்ணாடி இறக்குமதி நின்றுபோயிருந்தது. பழுதானவற்றை அமிலத்தில் கழுவித்தான் மறுபடி பாவித்தோம். பிறகு நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்:

“தகடு 37–40 (வெட்டு 217–240): பெருநாடியின் தரையில் அந்நியக் கலங்கள். 37இல் ஒரு வெட்டில், 38இல் இரண்டில், 39இல் மூன்றில், 40இல் ஐந்தில். எல்லாம் தரையின் நடுவே. செவ்வாய் காலை வெட்டிய நாயின் நிணநீர்க் கணுவிலிருந்து மிதந்து வந்தவையாக இருக்கும். அகற்றினேன். மு.ப. 10.05.”

நீங்கள் மூவரும் இந்த வருடம் வேலைக்கு வந்தவர்கள். உங்களுக்காக என் பணிக்கால அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி பொறுப்பதிகாரி கேட்டபோது, முப்பத்திரண்டு வருட நாட்குறிப்புகளையும் மேசையில் அடுக்கி வைத்து யோசித்தேன். எழுதக்கூடியவை பல இருந்தன. ஆனால் கை திரும்பத் திரும்ப இந்தப் பக்கத்துக்கே போனது. அந்த வருடக் கடைசியில், ஐம்பத்தைந்து வயதில், நான் ஓய்வு கேட்டதற்குக் காரணம் இந்தப் பக்கம் அல்ல; கழுத்து நோவுதான் காரணம். இருந்தாலும் ஆய்வுகூடத்தை நினைக்கும்போது எனக்கு நினைவு வருவது இந்தப் பக்கம்தான்.

ஏன் எறிந்தேன் என்பதைச் சொல்ல, என் மூன்றாம் வருடத்துக்குப் போக வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு பசுவின் கருப்பைத் துண்டு வந்திருந்தது. சீவினேன், சாயமேற்றினேன், மேலே அனுப்பினேன். புற்று என்று அறிக்கை போயிற்று. பசுவைக் கொன்றுவிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து, எங்கள் தலைமைத் தொழினுட்பவியலாளர் பழைய தகடுகளை அடுக்கும்போது அதைத் தற்செயலாகப் பார்த்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார். என்னைக் கூப்பிட்டார்.

“இதில மாட்டின்ர இழையம் எது, நாயின்ர இழையம் எது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்கு முன் அதே தண்ணீர்த் தட்டில் ஒரு நாயின் புற்றுக் கட்டியை வெட்டி மிதக்கவிட்டிருந்தேன். அதன் துணுக்கு ஒன்று தண்ணீரில் தங்கி, பசுவின் வெட்டோடு சேர்ந்து கண்ணாடியில் ஏறிவிட்டது. பசுவுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை.

பசுவுக்குச் சொந்தக்காரர், அடுத்த மாதம் ஒரு கோழியைக் காட்ட வந்தவர், வாசலில் நின்று என்னிடமே சொன்னார்: “மிஸ், கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் பால் தந்தது. நீங்கள் படிச்ச ஆக்கள் சொன்னாப் பிறகு நாங்கள் என்ன கதைக்கிறது?”

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைமைத் தொழினுட்பவியலாளர்தான் வெளியே போய்ச் சொன்னார். திரும்பி வந்து எனக்கு ஒரு விதி தந்தார்: அந்நியக் கலம் ஒன்று இருந்தாலும் அந்தத் தகட்டை எறி; மெழுகுக் கட்டியிலிருந்து மறுபடி வெட்டு; யோசிக்காதே. இருபத்தொன்பது வருடங்கள் அந்த விதியைக் கைக்கொண்டேன். என் கையால் ஒரு துணுக்கும் மிதந்து போகவில்லை.

நல்ல விதிதான். ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்பதையும் விதியோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும். நோய் அறிய வெட்டும் துண்டில், ஒரு வெட்டு போனால் அதே கட்டியில் அதே போன்ற இன்னொரு வெட்டு கிடைக்கும். முளையம் அப்படியல்ல. அதில் ஒவ்வொரு வெட்டும் ஓரிடம். எறிந்தால் அந்த இடம் உலகத்தில் இல்லை.

அந்த முளையம் ஓங்கிலின், அதாவது டொல்பினின், முளையம்.

அதற்கு முந்தின ஐப்பசியில், முதல் மழைக்குச் சற்று முன்பு, இலங்கைத்துறையிலிருந்து ஒரு மீனவர் தொலைபேசி எடுத்தார். வலையில் ஓங்கில் ஒன்று செத்துக் கிடக்கிறது என்றார். எங்கள் மிருகவைத்தியர் உடனே புறப்பட்டார். முப்பத்தாறு வயதுப் பெண். என்னை விடப் பதினெட்டு வயது இளையவர். நான் அவரை டொக்டர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். உடற்பரிசோதனைப் பெட்டியோடு நானும் ஜீப்பில் ஏறினேன்.

மீனவர் கரையில் சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்றார். நாங்கள் இறங்கு முன்பே தொடங்கிவிட்டார்.

“டொக்டரம்மா, நான் கொல்லேல்ல. வலையை இழுக்கேக்க செத்துத்தான் கிடந்தது. வெட்டித் தின்னிற ஆளும் நான் இல்லை. கேட்டுப் பாருங்கோ.”

“உங்களை ஆர் பிடிக்கப் போறது ஐயா? நீங்கள் சொன்னதே பெரிய காரியம்.”

“பிடிச்சாலும் பிடிக்கட்டும். நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு, அதுதான் போன் அடிச்சனான்.”

கருப்பையைத் திறந்தபோது டொக்டர் என் கையைப் பிடித்தார். உள்ளே, நீர்ப்பைக்குள், வளைந்து கிடந்தது. எந்த மிருகத்தின் குஞ்சு என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத பருவம். மீனவர் எட்டிப் பார்த்தார்.

“வயித்தில ஒண்டு இருந்ததோ?”

“ஓம் ஐயா.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கடலின் பக்கம் திரும்பி நின்றார். நாங்கள் முடிக்கும் வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில், முளையம் இருந்த போத்தலை நான் மடியில் வைத்திருந்தேன். டொக்டர் பேசிக்கொண்டே வந்தார். எந்த முலையூட்டியிலும், முளையத்துக்கு முதலில் வருகிற குருதிக் கலங்கள் வெளியே, மஞ்சட்கருப் பையில் உண்டாகின்றன. அவை அப்போதைய தேவைக்கு மட்டும். ஆயுள் முழுவதும் குருதியைத் தரப்போகிற தாய்க்கலங்கள் வேறோரிடத்தில் வருகின்றன. பெருநாடியின் உட்சுவரில். அதுவும் சில நாட்கள் மட்டும். சுவருக்கு ஓடு பதித்தது போலப் படிந்திருக்கிற கலங்களில் சில, தரைப்பக்கத்தில், மெல்ல நிமிர்ந்து, உருண்டு, சுவரை விட்டுக் கழன்று, ஓடுகிற குருதியில் விழுந்துவிடுகின்றன. அங்கிருந்து ஈரலுக்குப் போய்ப் பெருகி, பிறகு என்புகளுக்குள் போய்க் குடியேறுகின்றன. அதற்குப் பிறகு அந்தச் சுவர் வாழ்நாளில் ஒருபோதும் அப்படி ஒரு கலத்தைத் தருவதில்லை.

“சுவர் ஏன் அப்பிடிச் செய்யுது டொக்டர்?”

“முழுக்க ஆருக்கும் தெரியாது அக்கா. ஒரு காரணம் இதயம். அது அடிக்கத் தொடங்கி, குருதி சுவரை உரசிக்கொண்டு ஓட வேணும். அந்த உரசல் இல்லாட்டி எழும்பிறது குறைஞ்சு போகுது. எலியில பார்த்திருக்கினம், மனிசரிலையும் பார்த்திருக்கினம். ஓங்கிலில ஆரும் பார்த்ததா நான் வாசிக்கேல்ல. இது அந்த நாட்களில உள்ளதா இருந்தா…” அவர் போத்தலைப் பார்த்தார். “பள்ளத்தில பாத்து ஓட்டுங்கோ அண்ணே” என்று சாரதியிடம் சொன்னார்.

நான் அதன் பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். டொக்டர் கேட்டார், “என்ன அக்கா?” அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னேன்.

என் தம்பி துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவன். இருபத்தொன்பதாவது வயதில் அவனுடைய என்புக்குள் குருதி ஊறுகிற மச்சை வற்றிப்போனது. போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம், பாதை திறந்திருந்தது. கொழும்பில் ஐந்து மாதம் வைத்திருந்தோம். என் மச்சை பொருந்துமா என்று பார்த்தார்கள். பாதி பொருந்தியது. பாதி போதாது என்றார்கள். அங்கே ஒரு வைத்தியர், நல்ல மனிதர், எங்களுக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னார்: குருதியை உண்டாக்கும் தாய்க்கலங்கள் முடிந்துவிட்டன, உடம்பு அவற்றைப் பிறக்கும் முன் ஒருமுறைதான் செய்யும், மறுபடி செய்யாது.

தம்பி கட்டிலில் இருந்தபடி கேட்டான், “அப்ப எனக்கும் ஒருக்கா நடந்ததுதானே டொக்டர்?”

“ஓம், நடந்தது.”

“எங்க?”

வைத்தியருக்கு அடுத்த கட்டிலில் வேலை இருந்தது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அக்கா, நீ லாப்பிலதானே இருக்கிறாய். எந்த இடத்தில பக்டரி துவங்கினவங்கள் எண்டு பாத்துச் சொல்லு. மூடினவங்களை நான் பாத்துக்கொள்ளுறன்.”

பதினேழு நாள் கழித்து இறந்துபோனான். நான் மாட்டையும் ஆட்டையும் நாயையும் வெட்டிக்கொண்டு இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தேன். அந்த இடத்தை எனக்குக் காட்டக்கூடிய துண்டு ஒன்றும் எங்கள் கதவால் வரவில்லை. ஐப்பசியில் அந்தப் போத்தல் வந்தது.

ஆய்வுகூட வாசலில் இறங்கும்போது டொக்டர், “நீங்கள்தான் வெட்ட வேணும் அக்கா. முதல்ல பாக்கிறதும் நீங்கள்தான்” என்றார்.

அனுமதிக் கடிதங்களுக்கு மாதங்கள் போயின. அதற்குள் நாடு கடனில் கவிழ்ந்தது. டொக்டருக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக் கிடைத்தது. மார்ச் 18, வெள்ளிக்கிழமை பயணம். முளையத்தை அங்கே கொண்டுபோக எழுதப்பட்ட கடிதமும் வந்து சேர்ந்தது. நடு உடம்பு வரை இங்கே வெட்டிச் சாதாரணச் சாயத்தில் பார்ப்பது, மிச்சத்தைக் கட்டியாகவே கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். அங்கே, எந்தக் கலம் எது என்று பெயர் சொல்லித் தொடும் சாயங்கள் இருக்கின்றன.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அதற்காகவே பத்தொன்பது வருடம் காத்திருந்த நீங்கள் அதைக் கண்டும் எப்படி எறிந்தீர்கள்?

என் ஒழுங்குதான் காரணம். அது நடு உடம்பில் தெரியும் என்று டொக்டர் சொன்னார். நான் கட்டியை அளந்து, மொத்தம் எழுநூறு வெட்டு வரும் என்று கணக்கிட்டு, முந்நூற்றைம்பதில் என்று நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன். முளையம் வளைந்து கிடக்கும் என்பதும், வளைந்த உடம்புக்கு நடு என்பது அடிமட்டத்தில் வராது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் இருநூற்றுப் பதினேழாம் வெட்டில் நான் இன்னும் தேடத் தொடங்கவே இல்லை. அத்தோடு, அது ஒழுங்காக, ஒரு வாசல் திறப்பது போல இருக்கும் என்று நான் கற்பனை செய்திருந்தேன். நான் கண்டது ஒழுங்காக இருக்கவில்லை. அழுக்கு மாதிரி இருந்தது.

அன்று மின்சாரம் பட்டியலை மதிக்கவில்லை. பத்து நாற்பதுக்கே நின்றுவிட்டது. செவ்வாய் இரவு, இடம் பிசகாமல் இருக்கக் கத்தியை மட்டும் கழற்றிவிட்டுக் கட்டியை வெட்டும் இயந்திரத்திலேயே விட்டிருந்தேன். பங்குனி வெயிலில் காற்றாடியும் இல்லாமல் அப்படி விட்டால் மெழுகு இளகும். பதினொன்றரைக்குக் கட்டியைக் கழற்றி, குளிர்சாதனப்பெட்டியின் மேல்தட்டில், பனிக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அது சரியான முடிவு. இன்றைக்கும் அதையே செய்வேன்.

பிற்பகல் மூன்றரைக்கு டொக்டர் வந்தார். தம்பலகாமத்தில் ஒரு மாட்டுக்குப் பேறு பார்த்துவிட்டு, பெற்றோல் இல்லாமல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தவர். தலையெல்லாம் வைக்கோல்.

“சிரிக்காதேங்கோ அக்கா. வெள்ளிக்கிழமை பிளேனில, இண்டைக்கு டிரக்டரில. எங்க, பெட்டியைக் காட்டுங்கோ.”

தகட்டுப் பெட்டியைத் திறந்தார். எண்ணினார்.

“முப்பத்தாறுதானே இருக்கு. மிச்சம் நாலு?”

“அழுக்கு டொக்டர். எடுத்திட்டன்.”

“என்ன அழுக்கு?”

நாட்குறிப்பைத் திறந்து வாசித்தேன். தயக்கம் ஒன்றும் இல்லாமல், தெளிவாக, நேரம் வரைக்கும் வாசித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒருக்கால் திரும்ப வாசியுங்கோ. எண்ணிக்கையை மட்டும்.”

“முப்பத்தேழில ஒண்டு. முப்பத்தெட்டில ரெண்டு. முப்பத்தொன்பதில மூண்டு. நாற்பதில அஞ்சு.”

“எல்லாம் தரையில.”

“ஓம். நடுவில.”

“அக்கா,” என்றார் மெதுவாக, “அழுக்கு எங்கயாவது பதினொரு தரம் வந்து ஒரே கதிரையில இருக்குமா?”

வாசிக்கும்போதே என் காதுக்கு அது கேட்டுவிட்டது. மிதந்து வரும் துணுக்கு ஒரு வெட்டில் நாடிக்குள் இருக்கும், அடுத்ததில் கண்ணில் இருக்கும், இன்னொன்றில் வெறுங்கண்ணாடியில் இருக்கும். அதற்கு இடம் தெரியாது. இடம் தெரிந்து வருவது உடம்பின் சொந்தப் பொருள் மட்டும்தான். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சாடியின் பக்கம் போனேன். நான்கு கண்ணாடிகளும் அமிலத்தின் அடியில் கிடந்தன. கிடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். புதுக்கண்ணாடி போல இருந்தன.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். முப்பத்தாறாம் தகட்டை எடுத்துக்கொண்டு சாளரத்தடிக்குப் போனார். மின்சாரம் இல்லாத நாட்களுக்கு என்று அடியில் கண்ணாடி பொருத்திய பழைய நுணுக்குக்காட்டி ஒன்று அங்கே இருந்தது. துறைமுகத்துத் தண்ணீரில் பட்டு வருகிற வெயிலைக் கண்ணாடியால் பிடித்துத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து இடம் தந்தார்.

“கடைசி வெட்டு. தரையைப் பாருங்கோ. நடுவில ஒரு கலம் மற்றதுகளை விட உயரமா இருக்கோ?”

பார்த்தேன். மற்றவை எல்லாம் படுத்திருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் பருத்து, நிமிரப்போவது போல இருந்தது.

“அது எழும்பப் போகுது அக்கா. அடுத்த தகட்டில எழும்பியிருக்கும்.”

அடுத்த தகடு என் கையில் ஈரமாக இருந்தது.

நான்கு பதினைந்துக்கு மின்சாரம் வந்தது. காற்றாடி சுழன்றது; தண்ணீர்த் தட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. டொக்டர் கைகளைத் தட்டினார்.

“சரி. கவலைப்பட்டது போதும். கட்டியைப் பூட்டுங்கோ. எழும்பத் துவங்கின இடத்திலதான் நிப்பாட்டியிருக்கிறீங்கள். அடுத்த வெட்டிலையும் இருக்கும். ஒரே ஒரு தகடு வெட்டுவம். ஆறு மணிக்குள்ள சாயம் போட்டுப் பாத்திடலாம்.”

கட்டியை எடுத்து இயந்திரத்தின் முன் இருந்தேன். பிடியில் வைத்தேன். திருகில் கை வைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை இந்த எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. ஒரு சாண் தூரத்தில், மெழுகுக்குள், அது இருந்தது. தம்பி கேட்ட இடம்.

திருகை முடுக்கவில்லை.

“என்ன அக்கா?”

“ஏலாது டொக்டர்.”

“ஏன்?”

“கழற்றின கட்டி பழைய சாய்வில திரும்ப இருக்காது. முகம் முழுக்கக் கத்தியில படும்வரைக்கும் சீவி எறிய வேணும். இருபது போகலாம், முப்பது போகலாம். அதுக்குப் பிறகுதான் நல்ல வெட்டு வரும். அங்க கொண்டுபோய்ப் பூட்டேக்க இன்னொருக்கா அவ்வளவு போகும். நான் இருபத்து நாலை ஏற்கெனவே துலைச்சிட்டன். இந்த இடம் எவ்வளவு நீளம் எண்டு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு தரம் சீவினா, அங்க போய்ச் சேரேக்க ஒண்டும் மிஞ்சாமல் போகலாம்.”

“எல்லாத்திலையும் நிச்சயம் பாக்க ஏலுமே? போகாமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“உங்களுக்காகத்தான் கேட்டனான்.”

“தெரியும் டொக்டர். எங்கட சாயத்தில ஒரு உருண்டையைக் காணலாம். அவ்வளவுதான். அது என்ன கலம், எங்கயிருந்து வந்தது எண்டு கேக்க இங்க ஒண்டும் இல்லை. அங்க இருக்கு. கேக்க ஏலுமான இடத்துக்கு அது முழுசாப் போகட்டும்.”

அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டார்.

“நீங்கள் பாக்காமலே?” என்றார்.

“நான் பாத்திட்டன்,” என்றேன். “பதினொரு தரம்.”

அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். போகும்போது என் நாட்குறிப்புப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்தார். அந்த இருபத்து நான்கு வெட்டுகளுக்கும் இன்று உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்த ஐந்து வரிகள்தான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. எறிவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யாரும் இல்லையென்றால் மாலை வரை வைத்திருங்கள். பிடிக்காத ஒன்று அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், கையை அல்ல, கண்ணைச் சந்தேகியுங்கள். எறிந்தால், எறிந்ததை எண்ணிக்கையோடு எழுதுங்கள். பிழைவிட்ட அன்றே அதைச் சரிக்கட்டக் கை துடிக்கும்; அந்தத் துடிப்பில் கத்தியைத் தொடாதீர்கள். என் பிழையை விட, அதைத் திருத்தப்போய் நான் செய்திருக்கக்கூடியது பெரிதாக இருந்திருக்கும்.

டொக்டர் அவ்வப்போது எழுதுகிறார். ஓங்கிலின் கலங்களுக்கு எந்தச் சாயம் ஒத்துவரும் என்பதை முதலில் வேறு இழையங்களில் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். “அந்தக் கட்டியில கடைசியாத்தான் கை வைப்பன் அக்கா. எல்லாம் சரியெண்டு தெரிஞ்ச பிறகு” என்று போன மாதம் எழுதியிருந்தார். சரியான முடிவு. நான் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் படம் வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சில வேளைகளில் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாற்பதாம் தகட்டை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். கருநீல உருண்டைகள் எத்தனை? ஒன்று சுவரில் இன்னும் காலூன்றி நின்றதா, கழன்றுவிட்டதா? என்னிடம் இருப்பது எரிச்சலோடு பார்த்த சில நொடிகள் மட்டும். அன்போடு பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருந்திருக்கும்.

மார்ச் 17, வியாழக்கிழமை. ஏழு இருபதுக்குக் கதவைத் திறந்தேன். வேறெதையும் தொடுவதற்கு முன், புது மெழுகை ஒரு சிறு கிண்ணத்தில் உருக்கினேன். கட்டியை எடுத்து, வெட்டிய முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மங்கலான மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது; அதற்குள் பெருநாடி கண்ணுக்குத் தெரியாது. எங்கே இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நகத்தை அந்த இடத்துக்கு மேலே, படாமல் வைத்து, “இங்கதான்” என்று சொன்னேன். பிறகு காற்றுப்படாமல் இருக்க அந்த முகத்தை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்தெடுத்து, வெள்ளையாக இறுகும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.